ஒற்றைத் தாளத்தின் சம்மதம்

முன்பு ஒரு சமயம், பத்து ஊர்களுக்கும் பொதுவாக ஒரு கலைக்கூடம் இருந்தது. கீழே ஒரு பெரிய கூடம். மேலே ஒரு சிறிய அறை. கூடத்தில் இருந்தவர்கள் ஆடினார்கள், பாடினார்கள், பத்து ஊர்த் திருவிழாக்களுக்கும் போய் வந்தார்கள். அறையில் இருந்தவர்கள் அவர்களை வழிநடத்தினார்கள்.

கூடத்தில் மத்தளம் இருந்தது. முகவீணை இருந்தது. சலங்கைகளும் கோலாட்டக் கோல்களும் இருந்தன. ஒரு ஜோடி வெண்கலத் தாளங்களும் இருந்தன. ஒன்றுக்கு வலத்தாளம் என்று பெயர், மற்றொன்றுக்கு இடத்தாளம். இரண்டும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. அச்சிலிருந்து முதலில் வெளியே வந்ததால் வலத்தாளம் அக்கா ஆயிற்று. இரண்டையும் ஒரு நூல்கயிறு இணைத்திருந்தது. அக்கா வந்து தட்டும். தங்கை நின்று வாங்கும். 'ணிங்' என்று ஒரே ஒலியாகக் கேட்கும்.

அந்த 'ணிங்' இல்லாமல் கூடத்தில் யாரும் ஓர் அடி எடுத்து வைத்ததில்லை. ஆனால் அதைப் பற்றி யாரும் பேசியதும் இல்லை. மூச்சு விடுவதைப் பற்றி யார் பேசிக்கொண்டிருக்கிறார்கள்?

மேல் அறையில் நால்வர். தலைவர், ஒரு வெண்கல மணி. பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் அடித்து ஓய்வு பெற்றது. செயலர், ஒரு ரப்பர் முத்திரை. அதன் முகத்தில் 'ஒருமனதாக' என்ற ஒரே சொல் இருந்தது. மூன்றாவது, திண்டுக்கல் பூட்டு. பொருள்களின் பட்டியல் அதன் பொறுப்பு. நான்காவது, அளவுநாடா. எதைக் கண்டாலும் நீளம் அகலம் சொல்லும்.

இவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஓர் ஐப்பசி வெள்ளத்தில் கூடத்துக்குள் தண்ணீர் புகுந்தபோது, பூட்டு ஒவ்வொருவரின் பெயரையும் பட்டியலில் பார்த்துப் பார்த்து மாடிக்கு ஏற்றியது. ஒரு சலங்கை மணிகூடக் குறையவில்லை.

அந்த அறைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆரம்ப காலத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரு கூட்டமும் முடியாமல் போயிற்றாம். அதனால் மணி ஒரு விதி செய்தது. முதலில் யார் வேண்டுமானாலும் பேசலாம். பேச்சு முடிந்ததும், "ஆட்சேபம் உள்ளவர்கள் ஒலிக்கலாம்" என்று சொல்லி, தலைவர் மூன்று எண்ணுவார். ஆட்சேபம் உள்ளவர் தம்முடைய ஒலியை எழுப்ப வேண்டும். மணியானால் டண். பூட்டானால் கடக். நாடாவானால் சர்ர். ஒலி எழவில்லை என்றால் சம்மதம். எண்ணும்போது இடத்தை விட்டு அசையக் கூடாது. அசைந்தால் பதவி போய்விடும். சுவரில் 'மௌனம் சம்மதம்' என்று எழுதிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள்.

ஒலிக்கத் தெரிந்தவர்களுக்கு அது நல்ல விதிதான்.

ஒருநாள் மத்தளம் மாடிப்படிக்குக் கீழே வந்து நின்றுகொண்டு கத்தியது. "மேல இருக்கறவங்கள்ல ஒருத்தராவது, என்னைக்காவது, மேடையில அடி வாங்கியிருக்கீங்களா? அடி வாங்கறவங்க நாங்க, முடிவெடுக்கறவங்க நீங்களா?"

மணி யோசித்தது. "அது சொல்வதில் நியாயம் இருக்கிறது. கீழேயிருந்து ஒருவரை உறுப்பினராக எடுத்துக்கொள்வோம்" என்றது.

"யாரை?" என்றது முத்திரை. "மத்தளத்தையா?"

"அது வந்தால் நமக்கு நம் பேச்சே கேட்காது" என்றது பூட்டு.

"முகவீணை?"

"சின்ன விஷயத்துக்கெல்லாம் அழும்."

"சலங்கை?"

"ஓரிடத்தில் உட்காராது."

"தாளம்?"

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சின்ன உருவம். பளபளப்பு. ஒரு சொல் பேசிவிட்டு நிறுத்திக்கொள்ளும் சுபாவம்.

"ஆனால் அது இரண்டாயிற்றே" என்றது அளவுநாடா.

"இடம் ஒன்றுதான்" என்றது பூட்டு. "மூத்ததை மட்டும் எடுத்துக்கொள்வோம்."

யாரும் ஒலிக்கவில்லை. முத்திரை 'தொப்' என்று விழுந்தது.

செய்தி கீழே வந்ததும் கூடமே குதித்தது. மத்தளம் தன்னைத் தானே அடித்துக்கொண்டது. "நம்ம ஆளு ஒருத்தி மேல போறா!" கயிற்றை அவிழ்க்கும்போது வலத்தாளத்துக்கு மட்டும் மனசு கேட்கவில்லை.

"நீ என்ன செய்வே?" என்று தங்கையைக் கேட்டது.

"நான் எங்க போகப் போறேன்? இங்கதானே கிடப்பேன்" என்றது இடத்தாளம். "நீ போக்கா. உன் வாயால சொன்னா, நாங்க எல்லாரும் சொன்ன மாதிரி."

மேலே வலத்தாளத்துக்குப் பெரிய மரியாதை காத்திருந்தது. மற்ற நால்வரும் வெறும் மேசையில் உட்கார்ந்திருக்க, அதற்கு மட்டும் சிவப்பு வெல்வெட் மெத்தை. "கலைஞர் அல்லவா! கீறல் படக் கூடாது" என்றது மணி. மெத்தை மிருதுவாக இருந்தது. வலத்தாளம் அதற்குள் பாதி புதைந்து உட்கார்ந்தது. பிறந்ததிலிருந்து அடித்துக்கொண்டே இருந்த உடம்புக்கு அது சுகமாகத்தான் இருந்தது.

முதல் கூட்டத்தில் அளவுநாடா ஒரு தீர்மானம் கொண்டு வந்தது. "கூடத்தின் தரை நடுவில் தேய்கிறது. அளந்துவிட்டேன். இனிமேல் கோலாட்ட வட்டம் ஆறடிக்கு மேல் போகக் கூடாது."

வலத்தாளத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆறடியா? ஐயா, ஆறடிக்குள்ள கோல் வீசினா, கோலும் கோலும் மோதாது. கோலும் மூக்கும்தான் மோதும்."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அனுபவம் பேசுகிறது!" என்றது முத்திரை. "இப்படி ஒருவர் இல்லாமல்தான் இத்தனை நாள் சபை களையிழந்து கிடந்தது" என்றது பூட்டு. வலத்தாளத்துக்கு மனம் நிறைந்துவிட்டது.

பிறகு மணி வழக்கம்போல் சொன்னது. "ஆட்சேபம் உள்ளவர்கள் ஒலிக்கலாம். ஒன்று... இரண்டு..."

வலத்தாளம் ஒலிக்கப் பார்த்தது. பழக்கத்தில் தங்கை இருக்கும் பக்கம் சாய்ந்தது. அங்கே தங்கை இல்லை. வெல்வெட்தான் இருந்தது. 'பொஸ்' என்று ஒரு காற்று போயிற்று.

"யாராவது தும்மினீர்களா?" என்றது பூட்டு.

"மூன்று" என்றது மணி.

தொப். ஒருமனதாக.

"ஐயா, நான் வேண்டாம்னுதானே சொன்னேன்" என்றது வலத்தாளம்.

"மிக அழகாகச் சொன்னீர்கள்" என்றது மணி. அது கேலியாகச் சொல்லவில்லை. "ஆனால் பேச்சு பேச்சுதான், அம்மா. ஒலிதான் கணக்கு. இந்த விதி எனக்கும் சேர்த்துத்தான்."

அடுத்த கூட்டத்தில், பயிற்சி நேரத்தை உச்சி வெயிலுக்கு மாற்றினார்கள். காலையிலும் மாலையிலும் கூட்டம் நடத்த அமைதி தேவைப்பட்டது. வெயிலில் தோல் இறுகி மத்தளத்தின் சுருதி ஏறிவிடும் என்று வலத்தாளம் எடுத்துச் சொன்னது. எல்லாரும் தலையசைத்துக் கேட்டார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. பொஸ். தொப்.

அதற்கடுத்த கூட்டத்தில் வலத்தாளம் எம்பி எம்பிப் பார்த்தது. எம்ப எம்ப மெத்தையில் பள்ளம்தான் ஆழமாயிற்று. இடத்தை விட்டு நகரலாம் என்றால், பதவி போய்விடும். பதவியும் போய்விட்டால் தங்கைக்காகவும் மத்தளத்துக்காகவும் பேச யார் இருப்பார்கள்? அப்படி நினைத்துத்தான் அது அசையாமல் உட்கார்ந்தது. உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருவருக்கும் அப்படி ஒரு காரணம் இருக்கும் என்பது அதற்கு அப்போது தெரியாது.

ஒன்றரை மாதம் கழித்து ஒருநாள் அது கீழே இறங்கி வந்தது.

"மேலிடத்து அம்மா வர்றாங்க, வழி விடுங்க!" என்றது சலங்கை. யாரும் சிரிக்கவில்லை.

"நீ உள்ள இருந்துமா அந்த ஆறடி வந்துச்சு?" என்றது மத்தளம்.

"நான் சொன்னேன். எல்லாத்துக்கும் எடுத்துச் சொன்னேன்."

"சொன்னே. ஒலிச்சியா?"

வலத்தாளம் தலையைக் குனிந்துகொண்டது.

"இங்க ஒட்டியிருக்காங்க பாரு" என்று சலங்கை கதவைக் காட்டியது. அங்கே மூன்று தீர்மானங்கள். மூன்றிலும் கடைசி வரி ஒன்றுதான்: 'கலைஞர் பிரதிநிதி உட்பட ஒருமனதாக.'

இடத்தாளம் ஒரு மூலையில் கிடந்தது. அதன் காதில் அவிழ்ந்த கயிறு தொங்கியது. அக்காவைப் பார்த்ததும் அது வேறு எதுவும் கேட்கவில்லை. "மெத்தை நல்லா இருக்காக்கா?" என்று மட்டும் கேட்டது. அது குத்திப் பேசவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது. அதுதான் வலத்தாளத்தை அதிகம் சுட்டது.

அந்தப் பங்குனியில் வேம்பனூர் திருவிழாவுக்குக் குழு போயிற்று. தாளம் இல்லாமல்தான் போயிற்று. மத்தளம் தன் போக்கில் முன்னால் ஓடியது. சலங்கை பின்னால் தடுமாறி வந்தது. முகவீணை யாரோடு போவது என்று தெரியாமல் நடுவில் நின்று அழுதது. கோல்கள் ஆறடிக்குள் சுற்றி ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "வாங்கப்பா, ஒரு டீ குடிச்சிட்டு வரலாம்" என்றார். அவர் பின்னால் அந்த வரிசையே போயிற்று. திரும்பி வரவில்லை.

மறுநாளே மேல் அறையில் அவசரக் கூட்டம். 'தரம் குறைந்ததற்குக் காரணம் என்ன?' என்று ஆராய்ந்தார்கள். பூட்டு பட்டியலை எடுத்துக்கொண்டு கீழே போய் ஒவ்வொரு பொருளாகச் சரிபார்த்துத் திரும்பியது.

"கண்டுபிடித்துவிட்டேன்" என்றது. "கூடத்தில் ஒரு தாளம் இருக்கிறது. ஒற்றைத் தாளம். ஜோடி இல்லை. ஒற்றைத் தாளத்தை வைத்துக்கொண்டு எந்தக் குழு உருப்படும்?"

"என்ன செய்யலாம்?" என்றது மணி.

"உருக்கிவிடலாம். நல்ல வெண்கலம். வாசலில் நமக்கு ஒரு பெயர்ப்பலகை இல்லாதது குறையாக இருக்கிறது. ஐந்து உறுப்பினர்களின் பெயரையும் அதில் பொறித்துவிடலாம்."

வலத்தாளத்துக்கு அப்போதுதான் புரிந்தது. தங்கையை உருக்கி, அந்தத் தகட்டில் தன் பெயர்.

நல்லவேளையாக, கண்ணால் பார்க்காமல் எந்தப் பொருளையும் கழிக்கக் கூடாது என்பது பூட்டே எழுதிய விதி. அதனால் இடத்தாளத்தை மேலே கொண்டுவந்து மேசை நடுவில் வைத்தார்கள். அது வெறும் மரப்பலகை. இடத்தாளம் அக்காவைப் பார்த்தது. பிறகு மெத்தையைப் பார்த்தது.

"ஐயா" என்றது வலத்தாளம். "அது என் தங்கச்சி. அதுக்கு ஜோடி இல்லாம இல்ல. ஜோடி நான்தான்!"

பூட்டு பட்டியலைத் திருப்பிப் பார்த்தது. மிகப் பொறுமையாகச் சொன்னது. "அம்மா, நீங்கள் உறுப்பினர் ஏட்டில் இருக்கிறீர்கள். பொருள் பட்டியலில் இல்லை. ஓர் உறுப்பினர் எப்படி ஒரு பொருளுக்கு ஜோடியாக முடியும்?"

"நீங்கதானே பிரிச்சீங்க!"

"அது உங்களுக்குச் செய்த மரியாதை. இது பொருளின் குறை. இரண்டையும் குழப்பக் கூடாது."

"மனதைத் தொடும்படி பேசினீர்கள்" என்றது மணி. ஆனாலும் விதி விதிதானே. "ஆட்சேபம் உள்ளவர்கள் ஒலிக்கலாம். ஒன்று..."

வலத்தாளம் சாய்ந்தது. பொஸ்.

"இரண்டு..."

முத்திரை மையில் முகம் நனைத்துக்கொண்டு எழுந்தது.

"போதும்க்கா, சிரமப்படாதே" என்றது இடத்தாளம் மெதுவாக.

தாளம் படுத்துக் கிடக்கும்வரை மெத்தைக்குள்தான் கிடக்க வேண்டும். விளிம்பில் நின்றால் அது சக்கரம். வலத்தாளம் விளிம்பில் எழுந்து நின்றது. வெல்வெட்டின் மேட்டைத் தாண்டி உருண்டது. மேசைப் பலகையில் இறங்கியது.

"அம்மா, இடம்! இடத்தை விட்டு அசைகிறீர்கள்!" என்று பூட்டு கத்தியது.

வலத்தாளம் நிற்கவில்லை. உருண்டுபோய்த் தங்கையின் மேல் மோதியது.

ணிங்!

அந்த அறையில் அதுவரை அப்படி ஓர் ஒலி எழுந்ததில்லை. முத்திரை பாதி வழியில் நின்றுவிட்டது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சுவரில் 'மௌனம் சம்மதம்' ஒரு பக்கமாகச் சரிந்தது. அடுத்த கணம் கீழேயிருந்து மத்தளத்தின் குரல்: "அட, நம்ம தாளம்டா!" கூடவே இரண்டு அடி. சலங்கை அதைப் பிடித்துக்கொண்டது. இரண்டு மாதத்தில் முதல்முறையாக அவை ஒன்றாக நடந்தன.

மணி ஏதோ சொல்ல வாயெடுத்தது. அதன் உடம்புக்குள் ஒரு ரீங்காரம் ஓடிக்கொண்டிருந்தது. தானும் வெண்கலம்தான் என்பது அதற்கு வெகு காலத்துக்குப் பின் நினைவு வந்தது.

பூட்டுதான் முதலில் சுதாரித்துக்கொண்டது. "தலைவரே, எண்ணும்போது அவர் இடத்தை விட்டு அசைந்துவிட்டார். ஆகவே உறுப்பினர் இல்லை. உறுப்பினர் அல்லாதவரின் ஒலி செல்லாது."

"விதிப்படி சரி" என்றது மணி. பிறகு கேட்டது. "மெத்தையில் இருந்தவரை அவரால் ஒலிக்க முடியவில்லை. ஒலித்தபோது மெத்தையில் இல்லை. அப்படியென்றால், இரண்டு மாதமாக யாருடைய சம்மதத்தை நாம் எழுதிக்கொண்டிருந்தோம்?"

முத்திரை ஜன்னல் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டது. அளவுநாடா தொண்டையைக் கனைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னது:

"மெத்தையோடதை, ஐயா."

மணி இன்னும் மூன்றாவது எண்ணைச் சொல்லவில்லை. அதைச் சொல்லாமலே, தன் நாக்கைத் தானே அசைத்தது. டண்! தலைவரே ஆட்சேபம் ஒலித்தது அந்த அறையில் அதுதான் முதல் தடவை. தீர்மானம் விழுந்தது.

"நடந்தது நடந்துவிட்டது" என்றது மணி. "இனி இரண்டு பேருமே உறுப்பினராக இருங்கள். இரண்டு மெத்தை போடச் சொல்கிறேன்."

தாளங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. "மெத்தை வேண்டாம், ஐயா" என்றது வலத்தாளம். "நாங்க ரெண்டு பேரும் இங்க வந்து உட்கார்ந்துட்டா, கீழ யார் அடி எடுத்துக் குடுக்கறது? எங்களை மேல கூப்பிட்டது போதும். ஒரு தடவை நீங்க இறங்கி வாங்க."

அடுத்த கூட்டம் கூடத்தில் நடந்தது. நால்வரும் படியிறங்கி வந்தார்கள். தாளங்களுக்கு நடுவில் புதுக் கயிறு கட்டியிருந்தது. முதலில் கோலாட்டம் ஆடிக் காட்டினார்கள். வட்டம் விரிய விரிய, அளவுநாடா பின்னாலேயே ஓடிப் பார்த்தது. கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. "நான் இருபதடி. வட்டம் என்னைவிடப் பெரிசா இருக்கு" என்றது. அந்த ஆறடித் தீர்மானத்தைப் பற்றி அதற்குமேல் யாரும் பேச வேண்டியிருக்கவில்லை.

அடுத்து, பயிற்சி நேரம் பற்றிய பேச்சுக்கு வந்தார்கள். மணி பழக்கத்தை விடாமல், "ஆட்சேபம் உள்ளவர்கள் ஒலிக்கலாம்" என்றது. சொல்லி வாய் மூடவில்லை. தாளம் ஒலித்தது, மத்தளம் ஒலித்தது, முகவீணை ஒலித்தது, சலங்கையில் இருந்த அத்தனை மணியும் ஒலித்தது. காலை வேண்டும் என்பவர்கள், மாலை வேண்டும் என்பவர்கள், வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம் என்பவர்கள். பூட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டது. பிறகு, ஒரு காதை மட்டும் திறந்து வைத்துக்கொண்டது.

"தலைவரே, இதை எப்படி எழுதுவது?" என்று முத்திரை தவித்தது. "நான் எப்போது விழ வேண்டும்?"

"இன்னும் பேசி முடியவில்லையே" என்றது மணி. "கொஞ்சம் பொறு."

முத்திரை பொறுத்தது. மத்தியானம்வரை பொறுத்தது. அதன் முகத்தில் இருந்த மை காய்ந்தே போய்விட்டது. அதற்கு யாரும் ஆட்சேபம் ஒலிக்கவில்லை.

அந்தக் கூடத்தில் எல்லாரும் மனமறிந்து கொடுத்த மௌனச் சம்மதம் அது ஒன்றுதான்.